வேண்டாமக்கா

"உடல் அழகூட்டும் பணியாளர், இரண்டாம் பிரிவு: வாடிக்கையாளரின் விருப்பத்தைக் கேட்டறிந்து, அதை இன்முகத்துடனும் தாமதமின்றியும் நிறைவேற்றித் தருபவர்." நகராட்சியின் சுகாதாரப் பிரிவு கொடுத்த உரிமச் சான்றிதழில் அவளைப் பற்றி இப்படித்தான் அச்சிட்டிருந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தாள். பச்சை குத்திக்கொள்ள வந்து உட்காருகிறவர்கள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாயைத் திறப்பாள். எழுத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் வேறு எந்த அலுவலகத்திலும் கிடையாது.

இன்முகம் அவளிடம் கடைசியாக எப்போது தென்பட்டது என்று சொல்ல சாட்சி யாரும் இல்லை. தாமதமின்மை அவளுக்கு ஜென்மப் பகை. விருப்பத்தைக் கேட்டறிவாள், அது மட்டும் உண்மை. கேட்டறிந்த கையோடு "வேண்டாம்" என்பாள். அதனால் தெருவில் அவளுக்கு வேண்டாமக்கா என்று பெயர். பெயர் வைத்தவர் கீழ்த்தளத்தில் செருப்புக் கடை நடத்துகிறவர். மேலே போனவர்கள் போன வேகத்திலேயே முகம் சிவக்க இறங்கி வருவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. அந்தக் கோபத்தில் ஒன்றிரண்டு பேர் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போனதால், பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

கடை ஒரே அறை. நீளம் உண்டு, அகலம் இல்லை. தெருப்பக்கம் ஒரு ஜன்னல், சுவரோரம் ஒரு குழாய், பயன்படுத்திய ஊசிகளைப் போட ஒரு மஞ்சள் டப்பா. நாற்காலி, தொழிலை விட்டுவிட்ட பல் டாக்டர் ஒருவரிடம் வாங்கியது. அதில் உட்கார்ந்த மாத்திரத்தில் பாதிப் பேருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். "பல் பாக்கறதில்ல, மூடிக்கோங்க" என்பதுதான் பெரும்பாலும் அவள் சொல்லும் முதல் வாக்கியம்.

பிறகு விசாரணை. காதலியின் பெயரை மணிக்கட்டில் எழுதக் கேட்டு ஒரு இளைஞன் வந்தான். அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, சர்ப்ரைஸ் என்றான். சர்ப்ரைஸ் அவளுக்கா உனக்கா என்று கேட்டு அனுப்பிவிட்டாள். வங்கி ஊழியர் ஒருவர் முதுகில் அயல்நாட்டு எழுத்தில் 'அஞ்சாமை' என்று வேண்டும் என்றார். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியுமா என்றால் தெரியாதாம். "எனக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியாததை உங்க முதுகுல எழுதி, தெரிஞ்சவன் ஒருத்தன் பின்னால நின்னு சிரிக்கணுமா?" என்றாள். தைரியத்துக்காகக் கொஞ்சம் குடித்துவிட்டு வந்தவனை வாசற்படியிலேயே மோப்பம் பிடித்துத் திருப்பினாள். குடித்த உடம்பில் ரத்தம் நிற்காமல் கசியும், மை தங்காது, தவிர தைரியம் போதையோடு இறங்கிவிடும், படம் இறங்காது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர் நெஞ்சில் இதயம் வரையச் சொன்னார். உள்ளே இருக்கிற இதயத்தைப் பார்க்கிற டாக்டரிடம் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள். ஒரு பெண்மணி தோள் மச்சத்தை நடுவில் வைத்து அதைச் சுற்றி ஒரு பூ கேட்டார். மச்சத்தின் மேல் ஊசி வைப்பதில்லை என்றாள் வேண்டாமக்கா. "நாளைக்கு அது நிறம் மாறினா, உருவம் மாறினா, டாக்டர் கண்ணுக்குத் தெரியணும். பூ போய் அவர்கிட்ட சொல்லாது."

அவள் சொல்வதெல்லாம் சரி. அதுதான் யாராலும் பொறுக்க முடியாதது. தவறாகத் திட்டினால் மன்னித்துவிடலாம், சரியாகத் திட்டுகிறவளை என்ன செய்வது?

இந்த விசாரணையில் தேறிய சொற்பப் பேருக்கும் உடனே ஊசி கிடையாது. நிற்கச் சொல்வாள். "வழக்கமா எப்படி நிப்பீங்களோ அப்படி. எனக்காக விறைச்சிக்க வேணாம்." நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது நேராகத் தெரிகிற கோடு, எழுந்து நின்றால் தோலோடு திரும்பிக் கோணலாகிவிடும். அவசரக்காரர்கள் உட்காரவைத்தே படத்தின் அச்சுத் தாளைத் தோலில் ஒட்டிவிடுவார்கள். அந்தப் படம் பிறகு ஆயுள் முழுக்க நாற்காலியைத் தேடிக்கொண்டிருக்கும். இவள் நிற்கவைத்து, தோலில் பேனாவால் வரைவாள். குளித்தாலும் கொஞ்ச நாள் நிற்கிற மை அது. வரைந்து முடித்து, "இதோட குளிங்க, தூங்குங்க, வேலைக்குப் போங்க, மாமியார் கண்ணுல படுங்க. அழிஞ்சப்புறம் ஐயோ போச்சேன்னு இருந்தா வாங்க. அப்பாடான்னு இருந்தா வராதீங்க" என்று கதவைக் காட்டுவாள். முக்கால்வாசிப் பேர் வரவில்லை. அழியாததை விற்கிற கடையில் அவள் அழிவதை விற்றுக்கொண்டிருந்தாள்.

வந்த கால்வாசிப் பேர்தான் அவளுடைய வாடிக்கை. அவர்கள் கண் முன்னால் ஊசிப் பொட்டலத்தைப் பிரிப்பாள். சின்னக் குப்பியில் மை ஊற்றுவாள், மிஞ்சினால் கொட்டிவிடுவாள். சிவப்பு மை கேட்டால், ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு மூலையில் சிறு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதி. முடிந்ததும் புண் பொருக்குக் கட்டும், அரிக்கும், சொறியக் கூடாது, வெயில் காட்டக் கூடாது, தொட்டியில் ஊறக் கூடாது என்று பாடம். "சொறிஞ்சுட்டு வந்து என்கிட்ட அழக் கூடாது" என்பது வாழ்த்துரை.

எதிர்ச்சாரியில், இரண்டாவது மாடியில், மின்னல் கடை. வேகத்தால் அவனுக்கு அந்தப் பெயர். சுவருக்குப் பதில் முழுக் கண்ணாடி, நாற்காலி தெருவைப் பார்த்து இருக்கும். 'கேள்வி இல்லை, காத்திருப்பு இல்லை' என்று பலகை. வேண்டாமக்காவின் படியிறங்கியவர்கள் தெருவைக் கடந்து அவன் படியேறுவார்கள். "என் விளம்பரம் எதிர்வீட்டு மாடியில சம்பளம் இல்லாம வேலை செய்யுது" என்று அவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவனும் அவளும் ஒரு தெருவுக்குள் எத்தனை வெறுப்பு அடங்குமோ அத்தனையையும் ஜன்னலுக்கு ஜன்னல் வளர்த்துவந்தார்கள்.

இவ்வளவு பேசுகிறவளின் உடம்பில் ஒரு பச்சைப் புள்ளிகூட யார் கண்ணிலும் பட்டதில்லை. கை, கழுத்து, கணுக்கால் எல்லாம் வெறும் தோல். மின்னலுக்குக் கழுத்துவரை பச்சைக் காடு. தலைமுடி வெட்டத் தெரிந்தவன் சடையோடு உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறதே என்று ஊரே அவளைக் கேட்டது. அதற்கு அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: "என் உடம்புல ஊசி வைக்கிற அளவுக்கு ஆள் இன்னும் பொறக்கல." திமிர் பிடித்த பதில்தான். ஆனால் அவளுடைய திமிருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள்.

அவளுக்கு ஒரே தங்கை. ஏற்றுமதித் துணி தைக்கும் ஒரு கூடத்தில் கட்டிங் மாஸ்டர். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். பெரிய கத்தரிக்கோலை எடுத்தால் பத்து அடுக்குத் துணி சத்தமில்லாமல் இரண்டாகும். தங்கை அக்காவோடு பேசி வருஷக்கணக்காகிவிட்டது. காரணம் ஒரே ஒரு வாக்கியம். தங்கையின் கல்யாணத்தில், போட்டோவுக்கு எல்லோரும் வரிசையாக நின்றபோது, மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேண்டாமக்கா சொன்னாள்: "இதையும் கொஞ்ச நாள் பேனாவால எழுதிப் பாத்திருக்கலாம்." சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் இன்றுவரை அந்தப் போட்டோ இருக்கிறது. தங்கை மட்டும் அதில் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களையும் ஏற்றி இறக்கத் தெரிந்தவர். அண்மையில் வீட்டில் ஒரு பெரிய சண்டை. எதற்கென்று இப்போது இருவருக்குமே சரியாக நினைவில்லை. சண்டை முடிந்த விதம் மட்டும் அவர் கையில் இருந்தது. மின்னலிடம் போய் முழங்கைக்குக் கீழே மனைவியின் பெயரைப் பெரிதாகக் குத்திக்கொண்டு வந்து, சட்டைக் கையை மடித்துக் காட்டி, "இப்ப என்ன சொல்ற?" என்றார். இதற்கு மேல் ஒருத்தி என்ன சொல்ல முடியும்? பிறகுதான் மெல்ல ஆரம்பித்தார். என் கையில் நீ இருக்கிறாய், உன் உடம்பில் நான் எங்கே என்று சாப்பிடும்போது கேட்டார், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் கேட்டார், பேருந்தில் கேட்டார். அவள் கேட்காத ஒரு பரிசுக்கு அவள்தான் பதில் மரியாதை செய்யவேண்டியிருந்தது.

செய்துவிடுவது என்று தங்கை முடிவெடுத்தாள். அதோடு இன்னொரு முடிவும் எடுத்தாள். மின்னலிடம் போகக் கூடாது. நாலு பேர் முன்னால் கேலி செய்தவள் கையாலேயே அந்தப் பெயரை எழுதவைக்க வேண்டும்.

அப்படித்தான் ஒரு நாள் கழுத்தில் நாடாவோடு படியேறி வந்து நின்றாள்.

"இங்க பச்சை குத்துறவங்க நீங்கதானே?"

வேண்டாமக்கா நிமிர்ந்து பார்த்தாள். கூடப் பிறந்தவளின் வாயிலிருந்து வந்த அந்த 'நீங்க' செருப்பைவிட நன்றாகத் தைத்திருந்தது.

"ஆமா."

"பேர் எழுதணும். எங்க வீட்டுக்காரர் பேரு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு தடவை அவரைப் பத்திப் பேசியிருக்கீங்க."

"எந்த இடத்துல?"

தங்கை கழுத்தெலும்புக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். நாடா உரசுகிற இடம். சட்டைக்கு மேலே தெரிய வேண்டுமாம்.

"நில்லு. பேனாவால எழுதித் தரேன். கொஞ்ச நாள் வெச்சுப் பாரு."

"பேனாவால எழுதியாச்சுங்க. இத்தனை வருஷமா குளிக்கறேன், அழியல. ஊசியை எடுங்க."

தன் வாயிலிருந்து புறப்பட்ட வாக்கியம் இவ்வளவு காலம் கழித்து, இவ்வளவு கூர்மையாகச் சீவப்பட்டுத் திரும்பி வரும் என்று வேண்டாமக்கா எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் அவளுக்குத் தங்கையைக் கொஞ்சம் பிடித்தும் போயிற்று. எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள், கையைக் கழுவினாள், தோலைப் பார்க்கக் குனிந்தாள், முடியை ஒதுக்கினாள்.

காதுமடலுக்குப் பின்னால், தோடு குத்திய துளையின் மேல், பளபளவென்று ஒரு உருண்டை. முடியால் மறைத்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்த அந்த நொடியில் வேண்டாமக்காவின் இடது தோள் அரித்தது.

அந்தத் தோளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தொழில் கற்றுக்கொள்ள அவள் சேர்ந்த கடையில் ஒரு வழக்கம். வலி கொடுக்கப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் தோளில் ஒரே ஒரு புள்ளி வைப்பார்கள். மற்றவர்களுக்கு அது புள்ளியாகவே இருந்தது. இவளுக்கு வளர்ந்தது. முதலில் கடுகு, அப்புறம் பட்டாணி, அப்புறம் நண்டு மாதிரி பக்கவாட்டில் கால் நீட்டியது. தோல் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: உன் தோலுக்கு ஆறத் தெரிகிறது, ஆறுவதை நிறுத்தத்தான் தெரியவில்லை. குடும்பத்தில் ஓடுகிற சுபாவம், காது, நெஞ்சு, தோள் எல்லாம் மோசமான இடங்கள், வெட்டினால் பெரிதாகத் திரும்பி வரலாம். அவள் வெட்டிப் பார்த்தாள். பெரிதாகத் திரும்பி வந்தது.

இந்தத் தொழிலுக்குப் போகிறேன் என்று அவள் வீட்டில் சொன்னபோது அப்பா கத்தவெல்லாம் இல்லை. "உனக்கு ஒத்துக்காது" என்றார், அவ்வளவுதான். அவர் வேறு ஏதோ அர்த்தத்தில் சொன்னது உடம்பிலேயே பலித்துவிட்டது. அதை அவரிடம் ஒப்புக்கொள்வதைவிடச் செத்துப்போகலாம் என்று இருந்தாள். கடைசியில் அவர்தான் செத்துப்போனார். அப்போதும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் இன்னும் பொறக்கல என்ற வசனம் அப்படிப் பிறந்ததுதான்.

வேண்டாமக்கா முடியை விட்டாள். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற கேள்வியை, எல்லோரிடமும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"குடும்பத்துல யாருக்காவது தழும்பு தடிச்சு வளருமா?"

"குடும்பம்னு இருக்கறது நாம ரெண்டு பேர். உங்களுக்கு இருக்கா?"

ஒரு பொத்தானைக் கழற்றினால் போதும். பதில் சட்டைக்குள்ளேயே இருந்தது.

"இல்ல" என்றாள் வேண்டாமக்கா.

வந்தவர்களையெல்லாம் குறுக்கு விசாரணை செய்து உண்மை பிடுங்கியவள், தன் முறை வந்தபோது ஒரே சொல்லில் பொய் சொன்னாள். பிறகு பொய்க்கும் உண்மைக்கும் நடுவே நின்றுகொண்டு தடுக்கப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் இருக்கிறதே அது என்ன என்று கேட்டாள். மட்டமான தோடு, துரு என்றாள் தங்கை. துரு இல்லை, இங்கே குத்தினால் அதைவிடப் பெரிதாக வரும், நாடா பட்டால் எரியும் என்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள் தங்கை. வேண்டாமக்கா வழக்கமாகச் செய்வதைச் செய்தாள்.

"உன் தோல் சரியில்ல. அவ்வளவுதான். வேண்டாம்."

தங்கை நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவசரப்படவில்லை. நாடாவைக் கழுத்தில் சரியாக மடித்துப் போட்டுக்கொண்டாள்.

"சின்ன வயசுலேருந்து என் தோல் உனக்குச் சரியில்லதான். என் முடி சரியில்ல, என் படிப்பு சரியில்ல, என் புருஷன் சரியில்ல. ஒரு தடவையாவது உன்கிட்ட ஏதாவது சரியில்லாம இருந்திருக்கா?"

படியிறங்கிப் போய்விட்டாள். செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் செருப்பும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு வேண்டாமக்கா தன் பாணியில் முயன்று பார்த்தாள். அதாவது கெடுத்தாள். மாப்பிள்ளை பழுது பார்த்துக்கொண்டிருந்த அடுக்குமாடிக்குப் போய், பாதியில் நின்ற லிஃப்டுக்குள் தலையை விட்டு, உங்கள் பெயரை அவள் உடம்பில் எழுதினால் புண்ணாகும் என்றாள். என் பெயரே உங்களுக்குப் புண்தானே என்று அவர் லிஃப்டைக் கீழே இறக்கிக்கொண்டு போய்விட்டார். பேசும்போதே அவர் கையிலிருந்த எழுத்து, ஸ்பானரைத் திருகியபோதெல்லாம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டதை அவளால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. உட்காரவைத்து ஒட்டிய அச்சு. பிறகு, ஜென்மத்தில் ஏறாத மின்னலின் படியில் ஏறி, கட்டிங் மாஸ்டர் ஒருத்தி வருவாள், அவள் காதைப் பார், திருப்பி அனுப்பு என்று கேட்டாள். கேட்டாள் என்பதைவிட மிரட்டினாள் என்பது சரி. அவன் தன் பலகையைச் சுட்டிக்காட்டினான். "கேள்வி இல்ல. படிக்கத் தெரியும்ல?" என்றான்.

வெளுத்த ஒரு காலை. வேண்டாமக்காவின் நாற்காலியில் ஒரு செக்யூரிட்டி. பேனாவால் வரைந்த பருந்து அழிந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்று திரும்பி வந்த அபூர்வமான மனிதர். அவர் தோளில் ஒரு சிறகு முடிந்திருந்தது. மெஷினை நிறுத்தி மை தொட நிமிர்ந்தபோது, ஜன்னல் வழியே எதிர்க் கண்ணாடியில் தங்கை தெரிந்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து நாடாவைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மின்னல் அச்சுத் தாளைக் கழுத்தெலும்பின் கீழ் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். உட்காரவைத்தேதான் ஒட்டினான்.

எடுத்த வேலையைப் பாதியில் விடுவது வேண்டாமக்காவின் அகராதியில் கொலைக்குச் சமம். இருந்தும் சிறகின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஒட்டினாள், கையுறையைக் கழற்றினாள்.

"எங்க போறீங்க?" என்றார் செக்யூரிட்டி.

"எதிர்க்கடைக்கு."

"ஒரு சிறகோட விட்டுட்டா?"

"பறக்க மாட்டீங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. ஜன்னலுக்கு வந்து நின்றுகொண்டார். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததற்கு ஒரு நடுநிலையான சாட்சி உண்டு.

மின்னல் கடைக் கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே போனபோது, அவன் மெஷினைக் கையில் எடுத்திருந்தான். "வாங்க, வாங்க. குத்திக்க வந்தீங்களா? ஆள் பொறந்தாச்சு, இங்கதான் இருக்கேன்" என்றான். மாப்பிள்ளை போனை அவள் பக்கம் திருப்பினார். இவள் ஏதாவது சொல்வாள், சொல்வதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும். தங்கை திரும்பவே இல்லை. "இவங்களை வெளிய போகச் சொல்லுங்க" என்று மின்னலிடம் சொன்னாள்.

திட்டுவதற்கு மூன்று பேர் வசதியாகக் கிடைத்தும் வேண்டாமக்கா ஒருவரையும் திட்டவில்லை. வாடிக்கையாளர் காத்திருக்கப் போட்டிருந்த இன்னொரு நாற்காலியைத் தங்கையின் முன்னால் இழுத்துப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் தெரு. மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றி, இடது தோளிலிருந்து சட்டையை இறக்கினாள்.

மெஷின் மின்னலின் கையில் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அதை நிறுத்தினான்.

தங்கை விரலால் தொட்டாள். தொட்ட இடத்தில் தோள் சுருங்கியது.

"என்ன இது?"

"ஒரு புள்ளி வெச்சாங்க. அவ்வளவுதான் வெச்சாங்க."

"வலிக்குதா?"

"அரிக்கும். துணி பட்டா எரியும். வெட்டினேன், திரும்ப வந்துது. இது நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தோல்."

"அன்னைக்குக் கேட்டேனே. இல்லன்னு சொன்னியே."

"ஆமா. பொய்."

"எதுக்கு?"

அதற்கு வேண்டாமக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்பா, தொழில், திமிர் என்று நீளமான பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல், "தெரிஞ்சா எல்லாரும் சிரிப்பாங்கன்னுதான்" என்றாள். மின்னல் உண்மையிலேயே சிரித்துக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை போனைத் தாழ்த்தவில்லை. எல்லோருக்கும் இப்படியா வரும், இவங்களுக்கு வந்தால் அவளுக்கும் வந்துவிடுமா, சின்ன எழுத்தாகப் போடலாமே என்று கேட்டார். நியாயமான கேள்விகள்தான், தோல் அவருடையதாக இருந்தால். தங்கை முகம் பார்க்கிற கண்ணாடி இரண்டைக் கேட்டு வாங்கி, ஒன்றை முகத்துக்கு நேரேயும் ஒன்றைக் காதுக்குப் பின்னாலும் பிடித்து, தன் உருண்டையை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள். துணியில் நூலோட்டம் பார்க்கிறவளின் பார்வை அது. அதையும் அக்காவின் தோளையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒரே துணியில் வெட்டியவை.

"நான் குத்திக்கல" என்றாள்.

"அப்ப என் கையில இருக்கறது?" என்றார் மாப்பிள்ளை.

"அது உங்க கை. நான் கேக்கல."

அப்புறமும் அவர் மின்னலைப் பார்த்து, நீங்கள் ஆரம்பியுங்கள் என்பதுபோல் தலையாட்டினார். மின்னல் மெஷினைத் தட்டில் வைத்துவிட்டான். மனம் இளகியதாக யாரும் நினைக்க வேண்டாம். தெரியாமல் குத்தினால் அவள் பாடு, இப்போது தெரிந்துபோய்விட்டது, நாளைக்கு வீங்கினால் என் தலையில் விழும், அதுவும் நீங்களே படம் வேறு பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்றான். கேள்வி இல்லாத கடையில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்கப்பட்டுவிட்டதில் அவனுக்கு ரொம்பக் கோபம். இனிமேல் என் படியில் கால் வைக்காதே என்று வேண்டாமக்காவிடம் சொன்னான்.

தங்கை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தன் நெஞ்சிலிருந்த அச்சைத் தானே துடைத்தாள். மாப்பிள்ளையின் பெயர் ஊதாக் கறையாகிப் பஞ்சில் ஒட்டிக்கொண்டது. நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கதவருகே நின்றாள்.

"இதுக்காக நாம பேசிட்டோம்னு நெனச்சுக்காத. கல்யாணத்துல நீ சொன்னது அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் வேண்டாமக்கா. பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊசி வைக்க ஆள் பிறக்கவில்லை என்றவளுக்கு உண்மையில் ஊசியே ஆகாது என்று மின்னல் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். தனக்கே ஒத்துக்கொள்ளாததை அடுத்தவனுக்குச் செய்கிறாள் என்று இட்டுக்கட்டியும் சொன்னான். சிலர் நம்பி அவனிடமே போனார்கள், சிலர் வேடிக்கை பார்க்க இவளிடம் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமும் அவள் அதே கேள்விகளைக் கேட்டாள். தழும்பு பற்றிய கேள்வி வந்தபோது மட்டும், அவர்கள் கண் தன் தோளுக்குப் போகிறதா என்று பார்த்தாள். போனது. "அங்க என்ன பாக்கறீங்க, உங்க காதைக் காட்டுங்க" என்றாள். தங்கை திரும்பி வரவில்லை. மாப்பிள்ளை நீளக் கை சட்டை போட ஆரம்பித்துவிட்டார் என்று மட்டும் செருப்புக் கடைக்காரர் சொன்னார்.

செக்யூரிட்டிக்கு இரண்டாவது சிறகு அன்றைக்கே முடிந்தது. நடந்ததைப் பார்த்துவிட்டு, அவளிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று அவர் துடித்தார். பேசினால் தோள் அசையும் என்று அவள் வாயை மூடச் சொன்னாள்.

சான்றிதழ் இன்றும் அதே ஆணியில் தொங்குகிறது. இன்முகம், விருப்பம், தாமதமின்மை எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. அவள் செய்தது இதுதான்: பாதி வேலையை விட்டுவிட்டு எதிரியின் கடைக்குப் போய், தெரு பார்க்கத் தன் தோளைத் திறந்து காட்டி, தங்கையைப் பச்சை குத்திக்கொள்ளாமல் நிறுத்தினாள்.